24 ஆண்டுக்குப் பின் வீடு திரும்பிய ஹவில்தார்: தகவமைப்புக் கோளாறுக்கான உளச்சிகிச்சை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் கணவன், மனைவி இருவரும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. மதுரையில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கும் எனக்கு, உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கமிருந்து வரும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் புதிதல்ல. இந்த ஒரு குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், ‘பட்டாளத்துக்காரருக்கு மனசு சரியில்லை’ என்றாலே எல்லாரும் குண்டுச் சத்தத்தை நினைக்கிறார்கள். இவருடைய சிக்கல் வீட்டு வாசலில் தொடங்கியது.

பின்னணி

அவருக்கு 43 வயது. 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, 24 ஆண்டுப் பணி முடித்து, ஹவில்தாராக ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். உசிலம்பட்டிக்கு மேற்கே சொந்த ஊர். கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர். பருத்தியும் கொஞ்சம் மல்லிகையும். மனைவிக்கு 38 வயது. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. அவருடைய அம்மாவும் உடன் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். ராணுவத்தில் சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 40ஐ ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், கையில் ஒரு பெரிய தொகையும் வந்து சேரும். ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ள ராணுவத்தினருக்கு வழி உண்டு. பிடித்தம் போக மீதிதான் மாதாமாதம் வரும், 15 ஆண்டு கழித்துத்தான் முழுத் தொகை திரும்பும். இவரும் அப்படி வாங்கினார். அதில் மூன்று லட்சத்தைப் பங்காளி ஒருவருக்கு, எழுத்து எதுவும் இல்லாமல், கைமாற்றாகக் கொடுத்துவிட்டார்.

திருமணமாகி 19 ஆண்டில் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்தது இரண்டே ஆண்டு. மற்றபடி வருடத்துக்கு 60 நாள் விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அவர் வரும்போதெல்லாம் வீட்டில் கோழி அடிப்பார்கள், உறவுக்காரர்கள் வருவார்கள், கேன்டீன் சாமான்கள் பங்கு பிரியும். அவர் போன பிறகு நிலம், குழந்தைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் சர்க்கரை நோய், மகளிர் குழுக் கடன், கிணறு தூர் வாருவது என்று எல்லாம் மனைவி தலையில்தான்.

எப்படி வந்தார்

நவம்பரில் வந்தார். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ் பாலிகிளினிக்கில் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர். மாத்திரையைக் கூட்டியும் அழுத்தம் இறங்கவில்லை. தூக்கம் எப்படி என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலால்தான் எங்களிடம் அனுப்பிவைத்தார்.

மனைவியும் மனைவியின் தம்பியும் கூட வந்தார்கள். இரண்டு நாள் முன்பு, டியூஷனிலிருந்து இருட்டிய பிறகு வந்த மகனை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியிருக்கிறார். தடுத்த மனைவியைத் தள்ளிவிட்டிருக்கிறார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, “நான் இருந்து என்னத்துக்கு” என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் மைத்துனர் வண்டி எடுத்து வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டது

இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவ அட்டை, ரத்த அழுத்தம் குறித்த தாள் எல்லாம் வரிசையாக இருந்தன. 150க்கு மேல் போன நாட்களைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். “தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும் மேடம்” என்றார். மாத்திரை எழுதுவது நானில்லை, எங்கள் மனநல மருத்துவர் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: “இது ரெக்கார்டுல ஏறுமா?”

இந்தக் கேள்வியை லேசாகக் கடந்துபோகக் கூடாது. ராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்தில் குறிப்பார்கள். முதல் எழுத்து மனநிலைக்கு உரியது. அந்த எழுத்தில் தரம் இறங்கியவர்களுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். 24 ஆண்டுப் பழக்கத்தில் மனசைப் பற்றி வாய் திறப்பதே ஆபத்து என்று கற்றுக்கொண்டவர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, ஓய்வூதியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் குடும்பத்திடம் பேசுவேன் என்று விளக்கினேன். சரி என்றார். அதற்குப் பிறகே பேச ஆரம்பித்தார்.

நான்கு மணி நேரத் தூக்கம். காலை நான்கரைக்கு எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், அது மட்டும் விட்டுப்போகவில்லை. ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்புவது, படுக்கை மடிப்பைச் சோதிப்பது, பதில் தாமதமானால் கத்துவது. மாலையில் குடி. முன்பெல்லாம் ராணுவக் கேன்டீனில் கிடைக்கும் மதுக் கோட்டாவில் பாதிக்கு மேல் உறவுக்காரர்களுக்கே போகும். இப்போது மாதம் பாதி ஆவதற்குள் தானே தீர்த்துவிட்டு, டாஸ்மாக்குக்கும் போகிறார்.

மனைவியிடம் தனியாகப் பேசினேன். அடிப்பாரா என்று நேரடியாகக் கேட்டேன். அந்த ஒரு முறை தள்ளியதைத் தவிர இல்லை என்றார். பெண்களுக்கான 181 உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். தயங்கித் தயங்கிப் பிறகு சொன்னார்: “லீவுக்கு வர்ற மனுசன் வேற மேடம். ரெண்டு மாசம் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிருவோம், திரும்பிப் போயிருவாகன்னு தெரியும். இப்ப இவுக போக மாட்டாகல்ல.”

இதே விஷயத்தைத் தன் பக்கத்திலிருந்து அவர் இப்படிச் சொன்னார்: “எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக. ஆனா எங்க வீட்டுல எனக்கு டூட்டி இல்ல மேடம்.”

சிகிச்சை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை இந்த இரண்டு வாக்கியங்களே எனக்குச் சொல்லிவிட்டன.

என்ன சிக்கல் என்று முடிவு செய்தது

காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் பணி, பனிமலைக் காவல் இரண்டும் பார்த்தவர் என்பதால் பி.டி.எஸ்.டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு, இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். பனிச்சரிவில் ஒரு தோழரை இழந்திருக்கிறார். அதைப் பேசும்போது குரல் கம்மியது. ஆனால் பேச்சைத் தவிர்க்கவில்லை. கெட்ட கனவு, நடந்தது கண்முன் திரும்ப நடப்பது போன்ற உணர்வு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எதுவும் இல்லை. அந்தத் தீபாவளிக்குத் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து வெடி வெடித்திருக்கிறார். அதற்கான பி.சி.எல்-5 வினாத்தாளில் 80க்கு 18 வந்தது. சந்தேகப்பட வேண்டிய எல்லை 31இல் தொடங்குகிறது.

மனச்சோர்வுக்கான பி.ஹெச்.க்யூ-9இல் 27க்கு 13. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியில் ‘சில நாட்கள்’ என்று குறித்திருந்தார். மதுப்பழக்கத்துக்கான ஆடிட் வினாத்தாளில் 40க்கு 17. அதாவது உடம்புக்கும் குடும்பத்துக்கும் கேடு விளைவிக்கும் அளவு. காலையில் குடிப்பது, கை நடுக்கம், விட்டால் வியர்ப்பது இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டின்படி தகவமைப்புக் கோளாறு என்பது, வாழ்க்கையில் வந்த ஒரு மாற்றத்தையே மனம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பது, அதோடு ஒத்துப்போக முடியாமல் வீடு, வேலை, உறவு கெடுவது. மாற்றம் வந்து பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இது தொடங்கும். ஆடி பிறக்கும்போதே ஆரம்பித்துவிட்டது என்று மனைவி சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தியது. மனநல மருத்துவரும் நானும் தகவமைப்புக் கோளாறு, கூடவே தீங்கான குடி என்று முடிவுக்கு வந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. தற்கொலை எண்ணம் பற்றி மறைக்காமல் கேட்டேன். திட்டம் ஏதும் இல்லை என்றார். ஆனால் பருத்திக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அன்றைக்கே அதை மைத்துனரின் மோட்டார் ரூமுக்கு மாற்றிப் பூட்டச் சொன்னோம். மனசு கனக்கும்போது அழைக்க மூன்று எண்கள்: மைத்துனர், பழைய யூனிட் நண்பர் ஒருவர், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸ்.

இரண்டாவது, துப்பாக்கி. வங்கிக் காவலர் வேலைக்குச் சொந்தத் துப்பாக்கி இருந்தால் நல்லது என்று உரிமத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராக இருந்தார். தள்ளிவைக்கச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. “24 வருசம் என் கையில ஆயுதத்தக் குடுத்து வச்சிருந்தாக” என்றார். அவர் திறமையிலோ நேர்மையிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது தூக்கமும் இல்லை, குடியும் இருக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்த நிலையில் எந்த யூனிட்டிலும் சென்ட்ரி டூட்டி போடுவார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, போட மாட்டார்கள் என்றார். விண்ணப்பம் நின்றது.

மூன்றாவது, மாத்திரை. தகவமைப்புக் கோளாறில் பேச்சுவழிச் சிகிச்சையே முதல் தேர்வு. மனச்சோர்வு மாத்திரைகள் இதில் பெரிதாக உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அவர் கேட்ட தூக்க மாத்திரை வகை, மதுவோடு சேர்ந்தால் ஆபத்து, பழக்கமும் ஆகிவிடும். ரத்த அழுத்த மருந்து மட்டும் தொடர்ந்தது. மது விஷயத்தை மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை பார்த்தார்.

நான்காவது, வேலை. ‘ஒரு வேலைக்கு அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று குடும்பமே சொன்னது. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தரும் அரசு நிறுவனமான டெக்ஸ்கோவில் பதிந்து வைப்பதில் தவறில்லை, ஆனால் சேர்வதை மூன்று மாதம் தள்ளுங்கள் என்றேன். வீட்டில் அவருக்கு இடம் அமையாமல் வேலைக்குப் போனால் அதுவும் இன்னொரு போஸ்டிங் ஆகிவிடும் என்பது என் கணிப்பு. ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால்தான் இப்படிச் சொல்ல முடிந்தது. அடுப்பெரியவே வழியில்லாத வீட்டில் இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சிகிச்சை முறையாகச் சிக்கல் தீர்க்கும் சிகிச்சையை எடுத்தோம்: சிக்கலைத் தெளிவாக எழுதுவது, வழிகளைப் பட்டியலிடுவது, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்ப்பது, பலனை எடைபோடுவது. உணர்ச்சியைப் பேசுங்கள் என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது. எழுதித் திட்டமிடுவது அவருக்குக் கைவந்த கலை. கூடவே தூக்க ஒழுங்கு, தினசரிச் செயல் அட்டவணை, மாதம் இருமுறை மனைவியோடு சேர்ந்த அமர்வு.

சிகிச்சை நடந்த விதம்

முதல் மாதம் தூக்கமும் குடியும். ஒரு டைரியில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு, எவ்வளவு என்று எழுதி வந்தார். பிள்ளைகள் புத்தகம் விரிக்கும் ஆறு மணிக்கும் மனைவி சமையலை முடிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் குடி இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. அந்த நேரத்தில் அம்மாவுக்கு இன்சுலின் போட்டு, சாப்பிட வைத்து, கண்மாய்க்கரை வரை நடத்திக் கூட்டிப்போவது என்று ஏற்பாடானது. முதலுதவிப் பயிற்சி இருந்ததால் ஊசி போடக் கை நடுங்கவில்லை.

இன்னொரு வேலையும் தானே கேட்டு வாங்கினார்: ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடுவது. எப்படியும் தூக்கம் வரவில்லை, நைட் டூட்டி பார்க்கிறேன் என்றார். இரண்டே வாரத்தில் கிடைத்திருந்த தூக்கமும் போய், எரிச்சல் திரும்பியது. பகல் முறைக்கு மட்டும் அவர், இரவு முறைக்கு வேறு ஆள் என்று மாற்றினோம்.

முதலில் தீர்க்க எடுத்த சிக்கல், பங்காளிக்குக் கொடுத்த மூன்று லட்சம். வீட்டுத் தகராறைவிட இது எண்ணிக்கையில் அடங்குவது, முடிவு கண்ணுக்குத் தெரியும். குடிக்காத ஒரு காலை நேரத்தில், தாய்மாமனைக் கூட வைத்துக்கொண்டு, தவணையை எழுதி வாங்குவது என்று திட்டம். வாய்த்தகராறு இல்லாமல் முடிந்தது. பருத்தி எடுத்ததும் முதல் தவணை வந்தது.

மூன்றாம் மாதம் நடந்த ஒரு கூட்டு அமர்வு. தன் ஃபைலுக்காகக் காகிதங்களை அடுக்கியபோது கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் ரசீது ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. மூன்று ஆண்டுக்கு முன்பு, கிணற்றை ஆழப்படுத்த, தாலிச் செயின் தவிர எல்லாவற்றையும் மனைவி அடகு வைத்திருக்கிறார். மீட்டதும் அவர்தான். கணவருக்குத் தெரியாது. ஆடியில் தொடங்கிய சண்டைகளுக்கு அடியில் இருந்தது இதுதான். அவர் அதுவரை எங்களிடம் சொல்லவில்லை. ரசீதை மேசையில் வைத்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டார். மனைவி அழவில்லை. “பனிக்குள்ள நிக்கிற மனுசன்கிட்ட கிணறு வத்திப்போச்சுன்னு சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றார்.

அவர் ரசீதைத் திருப்பி, தேதியைப் பார்த்தார். பனிச்சரிவில் தோழர் இறந்த அதே மாதம். அதை அவரும் வீட்டில் சொன்னதில்லை. போனில், “இங்க ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை. அமர்வு முடியும்போது, வீட்டுக் கணக்கு நோட்டு மனைவி கையிலேயே இருக்கும், மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவானது. இனி கணக்கைத் தான் பார்ப்பதாக ஆடி மாதத்தில் அவர் போட்ட உத்தரவு அத்தோடு போனது.

சறுக்கல்

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் கூடினார்கள். தவணை எழுதி வாங்கிய கோபத்தில் ஒருவர், “பென்சன வாங்கிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கவன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிரவு அளவில்லாமல் குடித்து, காலை வரை வீடு திரும்பவில்லை. ஆனால் நள்ளிரவுக்குமேல் மைத்துனரை அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்த மூன்று எண்களில் ஒன்று வேலை செய்தது.

அடுத்து வந்தபோது, இதெல்லாம் எனக்கு ஒத்துவராது, நிறுத்திக்கொள்கிறேன் என்றார். தற்கொலை எண்ணத்தை மறுபடியும் மதிப்பிட்டோம், கூடியிருக்கவில்லை. பிறகு அந்த இரவைத் துண்டு துண்டாக எழுதினோம்: சொல் காதில் விழுந்தது, பதில் சொல்ல வாய் வராதது, பக்கத்தில் இருந்த பாட்டில், பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். எந்த இடத்தில் விலகியிருக்கலாம் என்று அவரே கோடு போட்டுக் காட்டினார். அமர்வுகளை வாரம் ஒன்றிலிருந்து குறைக்க நினைத்திருந்தோம். அதை ஒரு மாதம் தள்ளினோம்.

விளைவு

ஏப்ரலில் பி.ஹெச்.க்யூ-9 ஐந்துக்கு இறங்கியது. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். ஆடிட் எட்டு, முழுக்க விடவில்லை, சனிக்கிழமை மட்டும் என்று வைத்திருக்கிறார். ஆறு மணி நேரத் தூக்கம். மருந்தைக் கூட்டாமலேயே ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மே மாதத்தில் கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பகல்நேரக் காவல் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். துப்பாக்கி உரிமப் பேச்சை அவராகவே எடுக்கவில்லை.

தள்ளிவிட்டதற்காக மனைவியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கேட்டது வீட்டிலா வயலிலா என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. மனைவி சொல்லித்தான் தெரியும்.

மகன் விஷயம் தீரவில்லை. அப்பா வீட்டில் இருந்தால் அவன் பாட்டியின் அறைக்குப் போய்விடுகிறான். கதவுக்கு வெளியே நின்ற அந்த இரவைப் பற்றி அவனிடம் யாரும் பேசியதில்லை. அவனுக்குத் தனி அமர்வுகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. மூன்று லட்சத்தில் பாதி இன்னும் வர வேண்டியிருக்கிறது.

இனி மாறுபவை

ஓய்வு பெற்ற படைவீரர் யார் வந்தாலும், முதல் வாரத்திலேயே மனைவியைத் தனியாகச் சந்திப்பது எங்களிடம் வழக்கமாகிவிட்டது. அடி உதையைக் கேட்பதற்காக மட்டும் இல்லை. அவர் இல்லாத ஆண்டுகளில் வீட்டை எப்படி நடத்தினார்கள் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல முடியும். நகை, கடன், நிலம் பற்றி இருவரிடமும் தனித்தனியாகத் தொடக்கத்திலேயே கேட்கிறோம். பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்ற கேள்வி எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் முதல் நாள் படிவத்தில் ஏறிவிட்டது.

பிள்ளைகளை முதல் மாதத்திலேயே பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது. பெரியவர்கள் சமாதானமானால் பிள்ளைகளும் தானாகச் சரியாகிவிடுவார்கள் என்று வீடுகளில் நம்புகிறார்கள். இந்தப் பையன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

ஓய்வுக்கு முன்பே செய்ய வேண்டியதும் இருக்கிறது. ராணுவம் கடைசி ஆண்டுகளில் மறுவாழ்வுப் பயிற்சிகள் தருகிறது. அவை வேலைக்கான பயிற்சிகள். வீடு திரும்புவதற்கென்று ஒரு தயாரிப்பு வேண்டும், அதில் மனைவியும் இருக்க வேண்டும். ஓய்வுக்கு முந்தைய கடைசி நீண்ட விடுப்பு அதற்கு நல்ல நேரம். அந்த விடுப்பில் வரும் கணவன் மனைவியை ஒரே ஒரு அமர்வுக்காவது அனுப்பிவையுங்கள் என்று, எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். வரும் தம்பதியிடம் முதலில் கொடுப்பது ஒரு வெள்ளைத்தாள்தான்: வீட்டில் இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று மனைவி எழுத வேண்டும், அதில் எதைத் தன்னால் எடுத்துக்கொள்ள முடியும் என்று கணவன் குறிக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.